ஹிஷாமின் பெயரில் வந்த வீடு

ஜெனூபா மவுத்தான எட்டாம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணியளவில், பத்தாயிரம் வருடங்களுக்கு முன்பு பூமியிலிருந்து அற்றுப்போன மிருகம் ஒன்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குள் வந்தது. அன்று கடற்கரையில் சூடை மீன் மலிந்து கிடந்தது. தாழ்ந்த பாலமான தாம்போதியின் மேல் முழங்காலளவு வெள்ளம் ஓடியதால் பஸ் போகவில்லை. இரண்டு கரையிலும் காத்து நின்ற சனம் முழுவதும் அதைப் பார்த்தது. முதுகை மூடி ஒரே ஓடு, கவிழ்த்து வைத்த தோணி மாதிரி. தூண் போல நான்கு கட்டைக் கால்கள். வளையம் வளையமாக எலும்பு பூட்டிய வால். தலையில் தொப்பி போட்டது போல் இன்னொரு சின்ன ஓடு. மொத்தத்தில் ஒரு சின்னக் காரின் பருமன். அது தண்ணீரில் இறங்கி நிதானமாக நடந்து கரையேறி, பிரதான வீதிக்கு வந்து, பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓர் ஓட்டோவுக்கு வழிவிட்டு நின்று, பிறகு தெற்கே சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பியது. ஒருவரையும் முட்டவில்லை. வயதானவர்கள் அதை அழுங்கு என்றார்கள். காட்டுப்பக்கம் போய்வருகிறவர்கள், அழுங்கு நாயளவுதான் வரும் என்றார்கள். அப்படியென்றால் இது பெரிய அழுங்கு என்று முடிவாகி, அந்தப் பெயரே நிலைத்தது.

அதே நேரம் சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், இறந்துபோன ஜெனூபாவின் கணவன் ஹிஷாம் உடுப்புப் பையோடு வாசலில் நின்றான். முப்பத்தொரு வயது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். மருதமுனையில் பிறந்து, கலியாணத்தோடு மனைவியின் வீட்டுக்கு வந்தவன். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்த வீட்டில் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார்கள். ஆண் பிள்ளை பிறந்தால், அவன் போக வேண்டிய வீடு எங்கேயோ எழும்பிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆணின் பெயரில் வீடு இருப்பதில்லை. இருக்க வேண்டும் என்று எவரும் நினைப்பதுமில்லை. மனைவி இருக்கும்வரை அவளுடைய வீடு அவனுடைய வீடு. அவள் போய்விட்டால் அவன் யாருடைய வீட்டில் இருக்கிறான் என்பது ஊர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. ஏழாம் நாள் கத்தம் ஓதி, சோறு தின்று, சனம் கலைந்த பிறகு அதைக் கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர் அவனுடைய மூத்த சகோதரர் மஜீட். மருதமுனையில் ஆறு கைத்தறி ஓட்டுகிறவர், காரியத்தை இழுத்தடிக்கத் தெரியாதவர். ஜெனூபாவின் தாய், ஹிஷாமின் மாமி நாச்சியா சுவரோரம் பாயில் இருந்தாள். அவளும் கணவனை இழந்தவள்தான். இளைய மகள் றிஸ்லா குசினியில் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தாள். றிஸ்லாவுக்கு நிந்தவூரில் றிபாஸ் என்பவனைப் பேசி முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜெனூபாவின் வீடு இனி றிஸ்லாவின் வீடு, றிபாஸ் வந்து ஏற வேண்டிய வீடு. ஒரு வீட்டுக்குள் இரண்டு மருமகன்மார், அதிலும் ஒருவனுக்குப் பெண்சாதி இல்லை என்பது, எந்த அறைக்குள்ளும் அடங்காத விஷயம்.

"றிஸ்லாவக் கலியாணம் முடிச்சித்து இஞ்சயே இரு. ஊருல நடக்காத வேலையா?" என்றார் மஜீட்.

குசினிக்குள் ஒரு பீங்கான் விழுந்து உடைந்தது. ஹிஷாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். அந்த ஏழு நாளில் அவன் எதற்காவது மறுப்புச் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

"அப்ப என்னோட வா. ஆம்புளக்கி இத்தா இல்ல. பெரியநீலாவணையில ஒரு நல்ல இடம் இரிக்கி, ஊடும் புது ஊடு. அப்னாவ மாமி பாப்பா. தாயில்லாத புள்ள தாய்ட ஊட்டுல வளர்றதுதான் மொற."

"ஓம்" என்று சம்மதித்தான் ஹிஷாம்.

அப்னாவுக்கு மூன்றரை வயது. அவள் அப்போது தகப்பனின் முதுகில் ஏறி, அவன் காதுகளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தனக்கு வீட்டில் வரவேண்டிய பங்கை அவன் அன்றே விட்டுக்கொடுத்தான். ஆனால் பிள்ளையை விட்டுக்கொடுப்பதற்கும் அதே குரலில் ஓம் சொன்னதை நாச்சியா கவனித்தாள்.

அந்த ஓமுக்கு ஒரு வரலாறு இருந்தது. அது ஹிஷாமுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் தொழுகிற மஃரிப்புக்குச் சற்று முன்பு ஜெனூபா குசினியிலிருந்து கேட்பாள்: "ஜன்னல் சாத்தினீங்களா? நுளம்பு வருகுது." அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் ஓம் என்பான். பிறகு எழும்பிச் சாத்துவான், சில நாள் மறந்துவிடுவான். மார்கழி மழைக்குப் பிறகு ஊரெல்லாம் டெங்கு. ஜெனூபாவுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் தொடங்கியது, வியாழக்கிழமை அவள் இல்லை. அந்த நுளம்பு பகலிலும் கடிக்கும், கிணற்றடியிலும் கடித்திருக்கும், எங்கே கடித்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்பதெல்லாம் அவன் வகுப்பில் படிப்பிக்கிற பாடம். பாடம் அவனுக்கு உதவவில்லை. மையித்தை அடக்கம் செய்ய எடுத்தபோது அவன் அழவில்லை. பிறகும் அழவில்லை. கேட்டதற்கெல்லாம் ஓம் என்றான்.

எட்டாம் நாள் காலை மஜீட் ஓட்டோவோடு வந்து கேற்றுக்கு வெளியே நின்றார். ஹிஷாம் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி நாலு அடி வைத்தான். ஒழுங்கை இருண்டது. பெரிய அழுங்கு அசைந்து அசைந்து வந்து, திறந்திருந்த கேற்றின் குறுக்கே நின்று, முன்னங்கால்களை மடித்து, பிறகு பின்னங்கால்களை மடித்து, பெருமூச்சு விட்டுப் படுத்தது. மதிலின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் இடையில் அளந்து செய்தது போல் இருந்தது. ஹிஷாம் நின்ற இடத்திலேயே அதன் பெயரை அறிந்துகொண்டான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தது. கிளிப்டோடன். ஆர்மடில்லோவின் இனம். ஆயிரத்துக்கு மேற்பட்ட எலும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் பூப்போல வரி விழுந்தது, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. தென்னமெரிக்காவில் வாழ்ந்தது, ஆசியாவில் ஒருபோதும் கால் வைக்கவில்லை. அவன் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதன் வாயோரத்தில் நெல்மணி ஒட்டியிருந்தது.

மஜீட் பத்துப் பேரைக் கூட்டி வந்து தள்ளிப் பார்த்தார். சூரியனைத் தள்ளினால் அசையுமா, அப்படி இருந்தது. ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்து, மஜீட்டை அண்ணன் முறை வைத்து, "ரிவேஸ் கியர் இல்லாத சாமான் காக்கா இது. நான் போறன்" என்று திருப்பிக்கொண்டு போனான். மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, மிருகத்தையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை அதன் முதுகுக்கு மேலால் மஜீட்டிடம் நீட்டினாள்.

முதல் கிழமையிலேயே அதன் போக்கு ஊருக்கு விளங்கிவிட்டது. நாச்சியா சந்தைக்குப் போக வந்தால் அது வாலை மடக்கி ஓர் ஆள் போக இடம் விடும். றிஸ்லாவுக்கும் விடும். அப்னா அதன் மேலால் ஏறி மறுபக்கம் சறுக்குவாள். ஹிஷாம் வந்தால் மட்டும் இடம் இல்லை. ஒருமுறை அவன் பின்வளவால் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றடியைக் கடந்து, அடுத்த ஒழுங்கைக்குப் போனான். ஒழுங்கை முனையில் அது குறுக்கே படுத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தான், கேற்றிலும் அதுவே படுத்திருந்தது. அதற்குப் பிறகு அவன் முயலவில்லை. பாடசாலைக்கு விடுமுறைக் கடிதம் கொடுத்தனுப்பினான். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே கதிரை போட்டிருந்து பாடம் கேட்டார்கள். பரிணாமத்தைச் சொல்லும் கூர்ப்பு என்ற அலகை அவன் மிருகத்தைக் காட்டாமலே படிப்பித்து முடித்தான்.

மூன்றாம் நாள் சவளக்கடையிலிருந்து சின்னப்போடி என்ற விவசாயி உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். அவருடைய வயலிலிருந்துதான் அது புறப்பட்டிருந்தது. அரை ஏக்கர் நெற்கதிரை அது தின்றுவிட்டு நடந்த தடம் இங்கே வந்து முடிந்தது. சண்டைக்கு வந்தவர், மிருகம் கிடந்த கிடையையும் உள்ளே நின்ற இளம் மனிதனின் முகத்தையும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, உங்கட மாடு என்ட வயல மேஞ்சுபோட்டு வந்திரிக்கி. சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தன்." அது மாடு இல்லை என்றான் ஹிஷாம். "எனக்கும் கண் தெரியுது தம்பி" என்றார் அவர். தின்ற இடத்தில் பத்து நாளில் மறுபடி கதிர் வந்தது. அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் கொண்டுவந்து போட்டார். வனஜீவிக்காரரும் வந்தார்கள். அவர்களுடைய பட்டியலில் இப்படி ஒன்று இல்லாததால், 'அழுங்கு, பெரியது, தொந்தரவு இல்லை' என்று எழுதி, நாச்சியாவின் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊரில் சிரிப்பு எழும்பத்தான் செய்தது. கணவன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இத்தா இருப்பாள். ஆணுக்கு அது கிடையாது. மறுநாளே கடைக்குப் போகலாம், மறுமாதமே மாப்பிள்ளையாகலாம். இப்போது ஹிஷாம் வாத்தியார் இத்தா இருக்கிறார் என்று தேத்தண்ணிக் கடைகளில் கதை. மதிலுக்கு வெளியே நின்று ஒருவன், "சேர், முகத்த மூடுங்க, அந்நிய ஆம்புள நிக்கிறன்" என்றான். மிருகம் வாலை ஒருமுறை நிலத்தில் அடித்தது. அவனுடைய மோட்டார் சைக்கிள் தானாகவே விழுந்தது. கேலி அதோடு குறைந்தது. மஜீட் விடவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். ஆணுக்கு இத்தா கடமையில்லை, அதில் கருத்து வேறுபாடு இல்லை என்றார் மௌலவி. ஆனால் ஓர் ஆள் தன் வீட்டில் சும்மா இருப்பது பாவம் என்று எங்கும் காணவில்லை, ஜும்ஆவுக்கு மட்டும் வந்துவிட வேண்டும் என்றார். அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவின் முதலாவது பாங்கோடு மிருகம் எழும்பி மதிலோரம் ஒதுங்கி நின்றது. ஹிஷாம் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தான். அவன் உள்ளே கால் வைத்ததும் அது திரும்பப் படுத்தது. நோன்பு மாதம் முப்பது நாளும் அது பகலில் வைக்கோலைத் தொடவில்லை. பெருநாள் தொழுகைக்கும் ஒதுங்கி நின்றது.

வளர்ந்த மிருகம் மேலும் வளர்வதில்லை. இது வளர்ந்தது. வந்த அன்று ஹிஷாமின் நெஞ்சளவு இருந்த ஓடு, மாசி முடியும்போது அவன் தலையைத் தாண்டியது. பங்குனியில் குசினிக் கூரைக்குச் சமமாக நின்றது. மதில் தூண்கள் இரண்டும் உடையாமல் விலகிக் கொடுத்தன. ஹிஷாம் முன்போலவே இருந்தான். தந்ததைத் தின்றான், படிப்பித்தான், அப்னாவைக் குளிப்பாட்டினான். பை வாசலிலேயே கட்டியபடி கிடந்தது. அதைத் திரும்ப உள்ளே எடுத்துவை என்று மாமி சொல்லவில்லை. அவனும் எடுக்கவில்லை. மஜீட் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெளியே நின்று கதைத்தார். பெரியநீலாவணைக்காரர் இன்னும் காத்திருக்கிறார்கள், மிருகம் போன அன்றே வேன் வரும், தம்பி ரெடியா என்று கேட்டார். ஓம் என்றான். அப்னா அப்போது சோக்கட்டியால் ஓட்டின் தகடுகளுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும், இருபதுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

சித்திரையில் ஒருநாள் பின்னேரம், அசருக்கும் மஃரிப்புக்கும் நடுவில், புள்ளி வைத்துக்கொண்டிருந்த பிள்ளை ஓட்டில் காதை வைத்தாள்.

"வாப்பா, உம்மா கதைக்கிறா."

"இல்ல மகள்."

"கதைக்கிறா வாப்பா. உங்களத்தான் கேக்கிறா."

ஹிஷாம் எழும்பிப் போய்க் காதை வைத்தான். ஓடு வெயிலில் காய்ந்து சுட்டது. முதலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது, வீட்டு விசிறியின் அதே கடகடப்பு. பிறகு சட்டியில் அகப்பை தட்டுகிற சத்தம். பிறகு ஜெனூபாவின் குரல், அவசரமும் இல்லை, கோபமும் இல்லை: "ஜன்னல் சாத்தினீங்களா? நுளம்பு வருகுது." அவன் ஓம் என்று வாயெடுத்தான், சொல்லவில்லை. வீட்டுக்குள் போனான். முன் அறையில் இரண்டு, படுக்கை அறையில் இரண்டு, றிஸ்லாவின் அறையில் ஒன்று, குசினியில் ஒன்று, ஆறு ஜன்னலையும் சாத்திக் கொளுக்கி போட்டான். திரும்பி வந்து ஓட்டில் வாயை வைத்து, "ஓம்" என்றான். உள்ளே அகப்பைச் சத்தம் தொடர்ந்தது. பாங்கு சொல்லி முடியும்வரை அவன் அங்கே முழங்காலில் இருந்து அழுதான். சத்தம் கேட்டு வெளியே வந்த றிஸ்லாவை நாச்சியா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நூற்றுக்கு மேற்பட்ட நாட்களாக அந்த வீட்டில் அழாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

நாலு மாதமும் பத்து நாளும் என்றைக்கு முடிகிறது என்று மஜீட் கணக்குப் பார்த்து வேனுக்குச் சொல்லிவைத்தார். மிருகம் வந்த நாளிலிருந்து எண்ணினார். தேத்தண்ணிக் கடைகளிலும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆண்கள் எல்லோரும் அந்தப் பிழையைச் செய்தார்கள். இத்தா இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், அது மவுத்தான நாளிலிருந்து எண்ண வேண்டியது. நாச்சியா ஏழு வருடங்களுக்கு முன்பு தன் கணவர் அப்துல் கபூருக்காக இருந்தவள். ஒருவரிடமும் சொல்லாமல், ஜெனூபா போன வியாழக்கிழமையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஊர் எதிர்பார்த்ததற்கு ஒரு கிழமை முந்திய சனிக்கிழமை காலையில் எழும்பி, பெரிய கிடாரத்தில் தண்ணீர் சுடவைத்தாள். அலுமாரியிலிருந்து மடிப்புக் கலையாத புதுச் சாரமும் சேர்ட்டும் எடுத்துக் கிணற்றடிக் கயிற்றில் போட்டாள்.

"மகன், குளிச்சிட்டு வாங்க. இண்டையோட முடிஞ்சிது" என்றாள்.

அவன் குளித்து உடுத்திக்கொண்டு வரும்போது மிருகம் எழும்பி நின்றது. கேற்றை விட்டு, வளவின் கிழக்கு மூலையில் முருங்கை நின்ற வெளிக்குப் போனது. கடைசியாக ஒருமுறை கால்களை மடித்து, ஓட்டை நிலத்தோடு பொருத்தி வைத்தது. பிறகு சாரத்தை அவிழ்த்துவிட்டு ஆள் நகர்வது போல், ஓட்டுக்கு முன்னால் வந்து நின்றது. தோலோடு சேர்ந்து வளர்ந்த எலும்பை ஒரு பிராணியும் கழற்ற முடியாது. ஹிஷாமுக்கு அது தெரியும். மிருகம் எலிக்குஞ்சின் நிறத்தில் மெதுமெதுவென்று இருந்தது, காலைக் காற்றுக்கு நடுங்கியது. நாச்சியா ஓடிப்போய் ஒரு மருதமுனைப் படுக்கை விரிப்பை எடுத்து வந்து அதன் முதுகில் போர்த்தினாள். "மானத்தோட போ" என்றாள். அது ஒழுங்கை வழியே கடலுக்கு நடந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். மறுநாள் விரிப்பு மட்டும் கரையொதுங்கியது. மஜீட் வந்தபோது அதைப் பிழிந்து பார்த்து, சாயம் போகவில்லை என்றார்.

கேற் திறந்து கிடந்தது. வேனும் இல்லை, மஜீட்டும் இல்லை, தடுக்க ஒன்றுமில்லை. ஹிஷாம் பைக்கு அருகில் நின்றான். நாச்சியா அவனுக்கு முகம் கொடுக்காமல், கயிற்றில் ஈரத்துணியை விரித்துக்கொண்டே கதைத்தாள்.

"போறெண்டா போங்க மகன். நான் மறிக்கல்ல. இந்த ஊடு றிஸ்லாட. அதுல மாத்தம் இல்ல. ஆனா அந்தா கிடக்கிறது உங்கட பேருல வந்த ஊடு. மண்ணு என்டது. அதுக்கு நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அவன் பையைத் தூக்கினான். முற்றத்தைக் குறுக்கே கடந்து, முருங்கையடிக்குப் போய், குனிந்து ஓட்டுக்குள் நுழைந்தான். அப்னா தன் தலையணையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வேன் வந்தது. ஹிஷாம் அதை வெறுமையாக அனுப்பினான். "காக்கா, எனக்கு ஊடு இரிக்கி" என்றான். மஜீட் குனிந்து உள்ளே போய், சுற்றிப் பார்த்து, கட்டிலில் இருந்தும் எழும்பியும் பார்த்து, தலை தட்டவில்லை என்று கண்டு, மறுகிழமை தலையணை உறைகள் கொண்டுவந்தார். ஆனியில் றிஸ்லாவின் கலியாணம் நடந்து றிபாஸ் பெரிய வீட்டுக்கு வந்து ஏறினான். முதல் மாதம் அவன் முருங்கைப் பக்கம் போகவில்லை. பிறகு றிஸ்லாவோடு சண்டை பிடித்த ஒரு நாள் வந்து ஓட்டுக்குள் இருந்து பிளேன்டி குடித்து, "மச்சான், இன்னொண்டு வந்தா எனக்குச் சொல்லுங்க" என்றான். மின்சாரம் இழுக்க வந்தவர்கள் தகடுகளுக்கு நடுவே வயர் போகிற இடைவெளி ஏற்கனவே இருப்பதைக் கண்டு வேலை சுகம் என்றார்கள். புரட்டாதியில் வீட்டு இலக்கம் ஒட்ட வந்தவர், பெரிய வீட்டுக்கு முப்பத்திரண்டு என்றும் ஓட்டுக்கு முப்பத்திரண்டின் கீழ் ஒன்று என்றும் தகரம் அடித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் ஆணின் பெயர் எழுதிப் பழக்கமில்லாததால், ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்த ஒழுங்கையில் ஓர் ஆணின் பெயரில் இருக்கிற வீடு அது ஒன்றுதான். இப்போது கடிதங்கள் பிழையில்லாமல் வருகின்றன. சின்னப்போடி பழக்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்.

மஃரிப்புக்குச் சற்று முன்பு, விடைத்தாள் கட்டு மேசையில் இருக்க, விசிறி கடகடக்க, ஓட்டுக்குள் எங்கிருந்தோ ஜெனூபா கேட்கிறாள், ஜன்னல் சாத்தினீங்களா என்று. அப்னா வரைவதை நிறுத்தித் தகப்பனைப் பார்க்கிறாள். அந்த வீட்டில் ஜன்னல் இல்லை. ஹிஷாம் பேனையை வைத்துவிட்டு எழும்புகிறான். உள்பக்கத் தகடுகளைக் கையால் தடவிக்கொண்டு ஒரு சுற்று முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வந்து, கதிரையில் இருந்து, ஓம் என்கிறான்.